லைம்லைட்டில் இருப்பது எலுமிச்சை இல்லையாமே? (மேடையிலிருந்து இறங்கி வந்த ஆங்கிலச் சொற்கள்)

கடலூர்க்காரன்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு எரிச்சல். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் தயார் செய்த யோசனையை, என் முறை வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பக்கத்து இருக்கைக்காரர் தன்னுடையது போல எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் தோழி ஒருத்தி "ஹி ஸ்டோல் யுவர் தண்டர்" என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சரி, ஆனால் இடியை எப்படித் திருட முடியும்? எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

தேடிப் பார்த்தால் அது நாடக மேடையில் பிறந்த சொல்லாம். கூடவே லைம்லைட்டும் மேடையிலிருந்து வந்ததுதானாம். இத்தனை வருஷம் அது எலுமிச்சை நிறத்தில் எரிகிற ஏதோ ஒரு விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

இப்படி மேடையிலிருந்து வந்து, மேடை வாசனையே தெரியாமல் நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் எழுதுங்கள். ஒரே வேண்டுகோள், வாட்ஸப் கதைகள் வேண்டாம்.

ஒளிக்காரர்

முப்பது வருஷம் சபா நாடகங்களுக்கு விளக்குப் போட்டவன் என்ற முறையில் முதலில் நானே வருகிறேன்.

தம்பி, அந்த லைம் எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பைச் சின்ன உருளையாகச் செய்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரிகிற ஜுவாலையை அதன் மேல் பாய்ச்சுவார்கள். 2,000 டிகிரிக்கு மேல் சூடானாலும் சுண்ணாம்பு உருகாது. கண் கூசும் வெள்ளையாக ஜொலிக்கும். அதுதான் லைம்லைட்.

இதைக் கண்டறிந்தவர் கோல்ட்ஸ்வொர்த்தி கர்னி என்ற ஆங்கிலேயர், 1820-களில். ஆனால் முதலில் இது மேடைக்கு வரவில்லை. தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1825-இல் அயர்லாந்தில் நில அளவைக்கு இதைப் பயன்படுத்தினார். ஒரு மலை உச்சியில் ஏற்றிய வெளிச்சம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு மலையில் தெரிந்தது. அதனால் இதற்கு டிரம்மண்ட் விளக்கு என்றும் பெயர் உண்டு. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஏறியது 1837-இல்.

எங்கள் தொழிலில் முக்கியமான சங்கதி வேறு. எரியும்போது சுண்ணாம்பில் குழி விழும். ஜுவாலைக்குப் புது இடம் கிடைக்கிற மாதிரி உருளையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாயுக்களின் அளவையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்காமல் முடியாது. ஆள்தான் நிற்கிறானே, நடிகர் நகர்ந்தால் வெளிச்சத்தையும் கூடவே நகர்த்து என்றார்கள். இன்று நாங்கள் ஃபாலோ ஸ்பாட் என்று சொல்வதன் தாத்தா அது. யார் மேல் அந்த வெளிச்சம் விழுகிறதோ அவர்தான் அன்றைக்கு நாயகர். "இன் த லைம்லைட்" என்றால் ஊர்க் கண் எல்லாம் தன் மேல் இருப்பது என்று ஆனது இதனால்தான்.

வாயுவைப் பெரிய பைகளில் நிரப்பி, மேலே பலகை வைத்து, அதன் மேல் எடை ஏற்றி அழுத்துவார்களாம். கொஞ்சம் தப்பினால் வெடிதான். நான் ஷாக் அடித்ததற்கே வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தவன். 1881-இல் லண்டன் சவாய் அரங்கம் முழுக்க மின்சார விளக்குக்கு மாறியது. அதற்கப்புறம் சுண்ணாம்பு மெல்ல மெல்ல மேடையை விட்டுப் போய்விட்டது. சொல் மட்டும் போகவில்லை.

வெற்றிலைப்பெட்டி

ஆக, நம் தாத்தா வெற்றிலையில் தடவியதும் அதே சரக்குதான். அவருக்குத்தான் யாரும் கைதட்டவில்லை.

ஒளிக்காரர்

வெற்றிலைக்குப் போவது தண்ணீர் ஊற்றி நீறிய சுண்ணாம்பு. விளக்குக்கு நீறாதது. மாற்றித் தடவினால் வாய் வெந்துவிடும். ஜாக்கிரதை.

குரோய்டன் வாசி

இடிக் கதையை நான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் லண்டன் டுரூரி லேன் அரங்கைச் சுற்றிப் பார்க்கப் போனபோது வழிகாட்டி வடிவாக விளங்கப்படுத்தினார்.

ஜான் டென்னிஸ் என்று ஒரு நாடகாசிரியர், விமர்சகரும்கூட. 1709-இல் இவருடைய 'அப்பியஸ் அண்ட் வெர்ஜினியா' நாடகம் டுரூரி லேனில் ஏறியது. அதற்காக இடிச் சத்தம் எழுப்ப ஒரு புது முறையை மனுசன் உருவாக்கியிருந்தார். நாடகம் சில நாட்களிலேயே படுத்துவிட்டது. ஆனால் இடி நன்றாக இருந்தது. பிறகு ஒருநாள் அதே அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'மெக்பத்' பார்க்கப் போய் உட்கார்ந்திருக்கிறார். சூனியக்காரிகள் வரும் காட்சியில் இடி இடிக்கிறது, இவருடைய இடி! எழும்பி நின்று, "என் நாடகத்தைத் தூக்கி எறிந்தவர்கள் என் இடியை மட்டும் வைத்துக்கொண்டார்களே" என்று கத்தினாராம்.

இப்போது நிற்கும் கட்டடம் 1812-இல் கட்டியது. டென்னிஸ் கத்திய கூரை இது இல்லை. ஆனாலும் அங்கே நின்று கேட்டபோது மயிர் சிலிர்த்தது.

சந்தேகப்பேர்வழி

//'மெக்பத்' பார்க்கப் போய்//

வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். கதை இல்லாமல் சுற்றுலா ஏது? இதற்கு அச்சில் இருக்கும் பழைய சாட்சி கவிஞர் அலெக்சாண்டர் போப். அவருக்கும் டென்னிஸுக்கும் ஆகவே ஆகாது. 1729-இல் தன்னுடைய கிண்டல் காவியமான 'டன்சியட்'டுக்கு எழுதிய குறிப்பில், டென்னிஸ் ஒரு புது ஆசிரியருடைய சோக நாடகத்தில் இடியைக் கேட்டுவிட்டு "அது என் இடி" என்று ஆவேசப்பட்டதாகச் சொல்கிறார். புது ஆசிரியர் என்றால் ஷேக்ஸ்பியர் இல்லை. மெக்பத் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்த இடியைக் கண்டுபிடித்தது டென்னிஸ்தானா என்பதைக்கூடப் போப் தனக்குத் தெரியாது என்று நழுவிவிடுகிறார். எதிரி எழுதிய குறிப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே குறிப்பில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பழைய காலத்தில் இடியும் கடுகும் ஒரே மாதிரிதான் தயாராகுமாம். கடுகு அரைக்கிற மரக்கிண்ணத்தில் குண்டை உருட்டினால் மேடையில் இடி. பிறகு அதற்குப் பதிலாகத் தடுப்புகள் வைத்த மரத் தொட்டிகள் வந்தன. டென்னிஸின் புது முறை என்பது அநேகமாக இந்தத் தொட்டிதான்.

குரோய்டன் வாசி

சரி, வழிகாட்டிக்குக் கொடுத்த டிப்ஸைத் திரும்பக் கேட்கிறேன்.

ஆனால் மரத் தொட்டி விஷயம் உண்மை என்பதற்கு நானே சாட்சி. பிரிஸ்டல் ஓல்ட் விக் 1766-இல் திறந்த அரங்கம். அதன் உட்கூரைக்கு மேலே நீளமான மரத் தொட்டி ஒன்று சரிவாக ஓடுகிறது. பீரங்கிக் குண்டுகளை அதில் உருட்டிவிட்டால் சத்தம் தலைக்கு மேலே ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் போகும். ஸ்பீக்கரில் வரும் இடி காதுக்கு மட்டும். இது இருக்கையே அதிரும் என்கிறார்கள்.

ஒளிக்காரர்

எங்களுக்கு அந்த வசதி ஏது? ஆளுயரத் தகரத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு கீழ் நுனியைப் பிடித்து உலுக்குவோம். மெல்ல ஆட்டினால் தூரத்து இடி, பிடித்து உதறினால் பக்கத்தில் விழுந்த இடி. அந்தத் தகடு இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மனைவி பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்கிறாள்.

வகுப்பறை

பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள். மாணவர்களிடம் நான் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "எக்ஸ்ப்ளோட்" எதிலிருந்து வந்தது என்று கேட்பேன். எல்லோரும் குண்டு, வெடிமருந்து என்பார்கள்.

கைதட்டலிலிருந்து வந்தது! லத்தீனில் 'ப்ளாவ்டெரே' என்றால் கைதட்டுவது. 'அப்ளாஸ்' அதிலிருந்துதான். முன்னால் 'எக்ஸ்' சேர்த்தால் வெளியே தட்டுவது. ரோமில் நடிகர் சொதப்பினால் ஜனங்கள் கைதட்டிக் கூச்சல் போட்டே அவரை மேடையை விட்டுத் துரத்துவார்கள். நாம் திண்ணையில் ஏறிய கோழியைத் தட்டித் துரத்துகிற மாதிரி. அந்தத் துரத்தலுக்குப் பெயர்தான் 'எக்ஸ்ப்ளோடெரே'.

ஆங்கிலத்துக்கு வந்தபோதும் வெகுகாலம் அதே பொருள்தான். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) பத்தாவது காண்டத்தில் ஒரு இடம். ஆதாமையும் ஏவாளையும் கவிழ்த்துவிட்ட பெருமையோடு சாத்தான் நரகத்துக்குத் திரும்புகிறான். கூட்டத்தின் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கிறான். அதற்குள் கூட்டமே பாம்பாக மாறிவிட, கேட்பது சீறல்தான். அதை 'எக்ஸ்ப்ளோடிங் ஹிஸ்' என்கிறார் மில்டன். முதல்முறை படித்தபோது இங்கே எதற்கு வெடி வருகிறது என்று குழம்பினேன். வெடி இல்லை, மேடையை விட்டு விரட்டும் சத்தம்.

அந்தச் சத்தத்திலிருந்துதான் பிற்பாடு 18 ஆம் நூற்றாண்டு வாக்கில் வெடிப்பு என்ற பொருள் வந்தது. இன்றைக்கும் ஒரு கொள்கை தவறு என்று காட்டி ஒதுக்குவதை 'எக்ஸ்ப்ளோட் எ தியரி' என்கிறார்களே, அது குண்டு வைப்பது இல்லை. பழைய ரோமாபுரிக் கைதட்டல்.

'ப்ளாசிபிள்' என்ற சொல்லும் இதே வீடு. இன்று 'நம்பக்கூடிய' என்று பொருள், முதலில் 'கைதட்டத் தகுந்த'. கைதட்டல் வாங்கினதெல்லாம் நம்பக்கூடியது ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கடலூர்க்காரன்

அக்கா, இந்த ஒன்றுக்காகவே இழை ஆரம்பித்தது வீண் போகவில்லை.

வகுப்பறை

இன்னொரு கைதட்டல் சொல்லும் இருக்கிறது, க்ளாப்ட்ராப். இப்போது வெட்டிப் பேச்சு என்று பொருள். சொல்லைப் பிரித்தால் கைதட்டலுக்கு வைக்கிற பொறி. 18 ஆம் நூற்றாண்டு நாடகங்களில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் நாட்டுப்பற்று, தாய்ப்பாசம் என்று இரண்டு வரி வரும். அந்த இடத்தில் நடிகர் நிறுத்தி, முன்னால் வந்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். எலிக்கு மசால் வடை வைப்பது போலத்தான். நம் பஞ்ச் டயலாக்குக்கு அகராதியில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

புதுக்கோட்டைப் பக்கம்

எங்கள் சித்தப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ஹார்மோனியம் வாசித்தவர். சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட சொற்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். இதில் வருகிற பார்ட் என்ன பார்ட்? உதிரி பாகமா? இங்கே யாராவது சொல்லுங்களேன்.

சந்தேகப்பேர்வழி

இதற்குச் சந்தேகமே வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்துப் பார்ட்தான்.

அந்தக் காலத்தில் நடிகர் கையில் முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். கையால் எழுதிப் படியெடுக்கிற காலம். காகிதம் விலை, படியெடுக்கிறவர் கூலி, போதாதற்கு முழுப் பிரதி வெளியே போனால் இன்னொரு கம்பெனி நாடகத்தைப் போட்டுவிடும் என்ற பயம். அதனால் ஒவ்வொருவருக்கும் அவர் பேச வேண்டிய வரிகள் மட்டும். அதுதான் பார்ட், பங்கு. தாள் துண்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிச் சுருளாக வைத்துக்கொள்வார்கள். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகர் 'ஆர்லாண்டோ ஃபியூரியோசோ' நாடகத்துக்குப் பயன்படுத்திய பார்ட் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சுருளையே பெயராக வைத்தார்கள், ரோல். ஆங்கிலத்தில் 'ரோல்' என்றால் சுருட்டுவது, பாத்திரம் என்று இரண்டு பொருள் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? எழுத்து வேறு, வேர் ஒன்று. 'ரோல் மாடல்' என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் கையில் இருப்பது ஒரு காகிதச் சுருள்.

தன் வரி மட்டும் இருந்தால் எப்போது பேசுவது? அதற்காக முந்தைய நடிகர் பேசுகிற கடைசி இரண்டு மூன்று சொற்களை மட்டும் ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே எழுதியிருப்பார்கள். அதன் பெயர் க்யூ. அவர் யார், அதற்கு முன் என்ன சொன்னார், எதுவும் தெரியாது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாம் ஆரம்பிக்க வேண்டும். 'டேக் யுவர் க்யூ', 'ரைட் ஆன் க்யூ' எல்லாம் அங்கிருந்துதான். ரேஷன் கடைக் க்யூ வேறு. அது பிரெஞ்சில் வாலைக் குறிக்கிற சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்ய?

புதுக்கோட்டைப் பக்கம்

அட! அப்படியே எங்கள் ஸ்பெஷல் நாடகம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி, டைரக்டர், ஒத்திகை எதுவும் கிடையாது. திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்க்காரர்கள் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் ஒரு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து என்று தனித்தனியாகப் பேசிக் கூட்டிவருவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் பாடம். இவர் பாட்டின் கடைசி அடியைப் பிடித்து அவர் எடுப்பார். அவர் கேள்விக்கு இவர் தர்க்கம். விடியற்காலை வரை ஓடும். சித்தப்பா சொல்வார்: "முன்னே ஆள் எங்கே விடுறான்னு காதைத் தீட்டி வெச்சுக்கணும்டா, அதுதான் பார்ட்டு."

அவருக்கு ஷேக்ஸ்பியரும் தெரியாது, க்யூவும் தெரியாது.

வகுப்பறை

பபூனையும் விடாதீர்கள். ஆங்கிலத்தின் 'பஃபூன்'. அதற்கு முன்னால் இத்தாலிய 'புஃபோனே'. கன்னத்தை உப்ப வைத்துக் காற்றை ஊதுவதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. கோமாளி கன்னத்தை உப்பிக்கொண்டு வந்தாலே சிரிப்பு வருமே.

மின்னல்கொடி

நான் எப்போதும் படித்துவிட்டுப் போகிறவள், இன்றைக்கு எழுதுகிறேன். பாக்ஸ் ஆபீஸ் யாரும் சொல்லவில்லையே? ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் வாசலில் ஒரு பென்னி வாங்கி மண் உண்டியலில் போட்டு, அந்த உண்டியல்களை ஓர் அறையில் வைத்து உடைப்பார்களாம். உண்டியல் என்றால் பாக்ஸ், அறை என்றால் ஆபீஸ். பிரேக் எ லெக், லேர்ன் த ரோப்ஸ் இரண்டும் மேடைதானே?

சந்தேகப்பேர்வழி

வாங்க. முதல் பதிவிலேயே மூன்று வம்பு.

மண் உண்டியல் உண்மை. 1989-இல் லண்டனில் ரோஸ் அரங்கத்தின் அடித்தளத்தைத் தோண்டியபோது அதன் உடைந்த துண்டுகள் கிடைத்தன. வாசலில் பென்னி வாங்கியதும் உண்மை. ஆனால் 'பாக்ஸ் ஆபீஸ்' என்ற சொல் ஷேக்ஸ்பியர் காலத்தில் எங்கேயும் இல்லை. 18 ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அப்போது பாக்ஸ் என்றால் பணக்காரர்கள் குடும்பத்தோடு உட்காரும் தனித் தடுப்பு இருக்கை. அதை முன்பதிவு செய்கிற அலுவலகம் பாக்ஸ் ஆபீஸ். உண்டியல் கதை அழகு, அவ்வளவுதான்.

வேலையின் நெளிவு சுளிவைக் கற்பதைச் சொல்லும் லேர்ன் த ரோப்ஸ் பாய்மரக் கப்பலுடையது. எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று புது மாலுமி கற்பது. மேடைக்கு மேலேயும் கயிறுகள் உண்டு என்பதால் நாடகக்காரர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

பிரேக் எ லெக் என்று காலை உடைக்கச் சொல்கிற வாழ்த்து மேடைக்காரர்களுடையதுதான், ஆனால் 20 ஆம் நூற்றாண்டுக்கு முன் அச்சில் தடயம் இல்லை. லிங்கனைச் சுட்ட நடிகர் பூத் 1865-இல் காலை உடைத்துக்கொண்டது, கிரேக்கர்கள் காலால் தரையை மிதித்துப் பாராட்டியது எல்லாம் பிறகு கட்டிய கதைகள். வாழ்த்தினால் கண் பட்டுவிடும் என்று திட்டி அனுப்புகிற பழக்கம் என்பதே எனக்குப் போதும். குழந்தைக்கு மை வைக்கிறோமே, அந்த மாதிரி.

மின்னல்கொடி

ஒரே பதிவில் என்னை 'எக்ஸ்ப்ளோட்' பண்ணிவிட்டீர்கள். பழைய பொருளில்.

வகுப்பறை

//பழைய பொருளில்//

பத்துக்குப் பத்து.

குரோய்டன் வாசி

குளோப்பில் ஒரு பென்னிக்காரர்கள் நின்றபடி பார்த்த இடம் திறந்தவெளி முற்றம். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். இன்னொரு பென்னி கொடுத்தால் கூரையுள்ள கேலரி. அப்போது கேலரி மேல்தட்டு. பிற்காலத்து அரங்குகளில் தலைகீழ். உச்சியில் இருக்கும் கேலரிதான் ஆக மலிவு, கூத்தும் கூச்சலும் அங்கேதான். 'ப்ளேயிங் டு த கேலரி' என்று மலிவான பாராட்டுக்கு ஆடுவதைச் சொல்வது இந்தப் பிற்காலக் கேலரியை வைத்து.

வெற்றிலைப்பெட்டி

டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவர்கள் நாங்கள். குளோப் முற்றம் எங்கள் ஜாதிதான்.

ஒளிக்காரர்

அப்ஸ்டேஜ் விடுபட்டிருக்கிறது. இது கடலூர்த் தம்பியின் அலுவலகத்துக்கு இடியைவிடப் பொருந்தும்.

பழைய ஐரோப்பிய மேடை பின்பக்கம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சரிந்து வரும். அதனால் மேடையின் பின்பகுதி அப்ஸ்டேஜ், முன்பகுதி டவுன்ஸ்டேஜ். இப்போது மேடை சமதளம், இருக்கைகளைத்தான் சரிவாகப் போடுகிறார்கள். ஆனாலும் நாங்கள் அப், டவுன் என்றுதான் சொல்கிறோம்.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நைசாக இரண்டடி பின்னால் போய் நின்றால் என்ன ஆகும்? முன்னால் நிற்கிறவர் அவரைப் பார்த்துப் பேச ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். பின்னால் போனவர் முகம் மட்டும் வெளிச்சத்தில். வசனம் உன்னுடையது, முகம் என்னுடையது! அதுதான் அப்ஸ்டேஜ் பண்ணுவது. எனக்குத் தெரிந்த ஒரு நடிகர் இதில் மன்னர். பெயர் வேண்டாம். ஒரு நாள் எதிரே நடித்த அம்மா சாமர்த்தியமாக அவருக்கும் பின்னால் போய் நின்றார். இவர் இன்னும் பின்னால், அவர் இன்னும் பின்னால். கடைசியில் இரண்டு பேரும் படுதாவில் முதுகு உரச நின்று வசனம் பேசினார்கள். என் விளக்கு முன்மேடையில் யாருமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

கடலூர்க்காரன்

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மின்னல்கொடி

இந்தத் தடவை சரி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பேண்ட்.

ஆமாம், போட்டுக்கொள்கிற பேண்ட்தான். இத்தாலியில் 16 ஆம் நூற்றாண்டில் 'கொமேதியா தெல்லார்த்தே' என்று முகமூடி போட்டு ஆடும் நாடகம் இருந்தது. எழுதி வைத்த வசனம் கிடையாது. பாத்திரங்கள் மட்டும் எப்போதும் அதே ஆட்கள். அதில் ஒருவர் பாந்தலோனே. வெனிஸ் நகர வியாபாரி, கிழவர், மகா கஞ்சன், வளைந்த மூக்கு முகமூடி, காலை ஒட்டிப் பிடிக்கும் சிவப்புக் காலுடை. அந்த உடைக்கே அவர் பெயர் வந்து, ஆங்கிலத்தில் பேண்டலூன்ஸ் ஆகி, அமெரிக்காவில் பேண்ட்ஸ் என்று சுருங்கி, நம் ஊர்த் தையல்கடைக்கு வந்து சேர்ந்தது.

அதே நாடகத்தில் வேலைக்காரக் கோமாளிகள் 'ஸன்னி'. கோமாளித்தனமானதைச் சொல்லும் ஆங்கில 'ஸேனி' அவர்கள்தான். அவர்கள் கையில் இரண்டு பட்டைகள் சேர்த்துச் செய்த கட்டை இருக்கும். அடித்தால் வலிக்காது, படீர் என்று சத்தம் மட்டும் வரும். அதன் ஆங்கிலப் பெயர் ஸ்லாப்ஸ்டிக். அடித்து விழுந்து சிரிக்க வைக்கும் நகைச்சுவைக்கே அந்தக் கட்டையின் பெயர் நிலைத்துவிட்டது.

சந்தேகப்பேர்வழி சார், இதில் ஏதாவது பழுது?

சந்தேகப்பேர்வழி

ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

நான் இரண்டு புதுச் சொற்கள் தருகிறேன், நாடகத்தின் பெயரோடும் தேதியோடும். ரோபோ: செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920-இல் அச்சானது, மறு வருஷம் பிராக் நகரில் மேடையேறியது. சொல்லைத் தந்தது அவர் அண்ணன் யோசெஃப். 'ரொபோத்தா' என்றால் பண்ணைக்குக் கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு, வெட்டிவேலை. தொழிற்சாலைக்கு முன்னால் மேடையில்தான் ரோபோ நடந்தது.

கேஸ்லைட்டிங்: பேட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்', 1938, லண்டன். கணவன் தினமும் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, ஒளித்து வைத்த நகைகளைத் தேடி மாடிக்குப் போய் விளக்கேற்றுகிறான். ஒரே குழாயில் வரும் வாயு என்பதால் மேலே ஒரு விளக்கு எரிந்தால் கீழே மனைவி அறையில் சுடர் தாழும். அவள் அதைப் பார்க்கிறாள். அவனோ அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022-க்கான சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது.

வகுப்பறை

இப்போதெல்லாம் எந்தச் சண்டைக்கும் கேஸ்லைட்டிங் என்கிறார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் மறுப்பது வெறும் பொய். "நீ கண்ணால் பார்த்ததை நீயே நம்பாதே" என்று ஆக்குவதுதான் இது. சுடர் தாழ்ந்தது என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு சாட்சி, அதையே அவளிடமிருந்து பிடுங்குகிறான். அந்த நுட்பம் போய்விட்டால் சொல்லே வீண்.

புதுக்கோட்டைப் பக்கம்

"சீன் போடுறான்" என்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா? எங்கள் பக்கம் மேடையில் தொங்கும் படம் வரைந்த திரைக்குப் பெயரே சீன்தான். காட்டுச் சீன், தர்பார் சீன், தெருச் சீன். ஊர்க்காரர்கள் "சீன் செட்டு உண்டா?" என்று கேட்டுத்தான் விலை பேசுவார்கள். ஒரு துணியைத் தொங்கவிட்டுத் தர்பார் என்று நம்பவைப்பதுதானே சீன் போடுவது!

சந்தேகப்பேர்வழி

உங்கள் ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சினிமாச் சீனிலிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மேலே போனால் இரண்டும் ஒரே இடம்தான். கிரேக்கத்தில் 'ஸ்கேனே' என்றால் கூடாரம், கொட்டகை. நடிகர்கள் உடை மாற்ற ஆடுகளத்துக்குப் பின்னால் போட்ட கொட்டகை. அதன் முன்சுவர் அரண்மனையாக, கோவிலாக மாறியது. சீன் முதன்முதலில் ஒரு துணி மாற்றும் கொட்டகை.

வகுப்பறை

கிரேக்கம் வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிட்டு ஓடுகிறேன், தேர்வுத்தாள் காத்திருக்கிறது. பாசாங்குக்காரரைச் சொல்லும் 'ஹிபோக்ரிட்' என்பதன் மூலம் 'ஹுபொக்ரிட்டேஸ்'. ஏதென்ஸில் அதற்கு நடிகர் என்றுதான் பொருள், கெட்ட வாடை இல்லை. புதிய ஏற்பாட்டில் ஊர் பார்க்க ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டிக்க அந்தச் சொல் வருகிறது. தமிழ் வேதாகமம் அதை 'மாயக்காரர்' என்று பெயர்த்தது. நாம் தனியாக 'வேஷதாரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். வேஷம் கட்டுகிறவன். கிரேக்கரைக் கேட்காமலே நாமும் நடிகரைத்தான் திட்டியிருக்கிறோம்.

ஒளிக்காரர்

விளக்குக்காரனைத் திட்ட ஒரு சொல்லும் இல்லை என்பதில் எனக்குத் திருப்தி.

கடலூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு தகவல். நேற்று மறுபடியும் அதே கூட்டம், அதே ஆள். இந்தத் தடவை நானே முதலில் எழுந்து பேசிவிட்டேன். பேசி முடித்ததும் மேலாளர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "சாரி, மறுபடி சொல்றீங்களா?" என்றார். இடி என்னிடம்தான் இருந்தது, சத்தம்தான் போதவில்லை.

ஒளிக்காரர்

முகவரி அனுப்புங்கள் தம்பி. பரணிலிருந்து தகட்டை இறக்கி வைக்கிறேன்.